ஒளி-நிழல் படிவரிசை காய்ந்ததும் கலந்துபோகுது: சித்திர ஆசிரியர்களே, யோசனை சொல்லுங்கோ

வணக்கம். வெள்ளவத்தையில் சாதாரண தரச் சித்திரப் பிள்ளைகளுக்கு வெள்ளையிலிருந்து கறுப்பு வரை 9 கட்டப் படிவரிசை பழக்குகிறோம். ஒவ்வொரு கட்டமும் 3 சென்ரிமீற்றர், போஸ்டர் கலர்.

சிக்கல் நடுவில்தான். ஈரமாக இருக்கையில் 4, 5, 6 பிரிந்து தெரிகின்றன. காய்ந்தால் மூன்றும் ஒன்றுதான். வெளிறிய நிறம் காயும்போது சற்றுக் கறுக்கும், அடர்நிறம் வெளிறும் என்பதே காரணம். அதனால் வெள்ளையை முதலில் எடுத்து, தூரிகை நுனியால் கறுப்பைத் தொட்டுத் தொட்டுச் சேர்க்கச் சொல்கிறோம். மாறிச் செய்தால் வெள்ளைப் போத்தல் காலி! துண்டுத் தாளில் பூசிக் காயவிட்டு, கண்ணைப் பாதி மூடி ஒப்பிடவும் சொல்கிறோம். ஆனால் மழைக்கால ஈரலிப்பில் அது காய்வதற்குள் வகுப்பு முடிந்துவிடும். ஹெயார் டிரையர் பிடித்தால் மெல்லிய தாள் சுருளுது.

இன்னொன்று: கறுப்பும் வெள்ளையும் மட்டும் கலந்த சாம்பலில் நீலச்சாயல். துளி பேர்ன்ட் அம்பர் (கடும் மண்ணிறம்) அதைப் போக்கும், ஆனால் எல்லாக் கட்டத்திலும் அளவு ஒரேமாதிரி விழாது. நடுச்சாம்பலை மட்டும் மொத்தமாகக் கலந்து மூடிப் போத்தலில் வைப்பவர்கள் இருக்கிறீர்களா? எத்தனை நாள் தாங்கும்? புறக்கோட்டையில் தடித்த தாள் தனித்தாளாக எங்கே மலிவு?

கோடு பாடத்துக்கு, பொரளை கோதமி விகாரையில் இலங்கை ஓவியர் ஜோர்ஜ் கீற் 1939–40இல் வரைந்த சுவரோவியங்களைக் காட்ட எண்ணம். நிழலை நம்பாமல் கோடே உடலைத் திரட்டுவதற்குக் கொழும்பில் அதைவிட நல்ல பாடம் இல்லை. பிள்ளைகளைக் கூட்டிப்போனவர்கள், உள்ளே இருந்து வரைய விடுகிறார்களா என்று சொல்லுங்கோ.