சாரல் காலத்தில் கன்டென்சர் மைக் எழுப்பிய கடுகு வெடிப்பு

செங்கோட்டையிலிருந்து

எங்கள் வீட்டு மாடியறையில் சிறிய ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றை நடத்தி வருகிறேன். வேலை குவிவது ஆடியிலும் ஆவணியிலும்தான். கார்த்திகை முதல் தேதி மாலை அணிபவர்களுக்கான ஐயப்பன் பாடல்களை முன்கூட்டியே பதிவு செய்துவிட வேண்டும் என்று பாட்டுக் குழுவினர் வந்து நிற்பார்கள். ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் ஊருக்குள் இறங்கும் மாதங்களும் அவையே. கொடியில் போட்ட வேட்டி இரண்டு நாளானாலும் காயாத அந்தக் காற்றில்தான் எங்களுடைய கன்டென்சர் மைக்கும் மூச்சு விட்டாக வேண்டும்.

சென்ற ஆண்டு ஆடியில் ஒரு நாள், பாடகர் சரணம் சொல்லி முடித்து மூச்சு வாங்கிய இடைவெளியில், ஹெட்போனில் கடுகு வெடிப்பது போன்ற சத்தம் கேட்டது. முதலில் ஒன்றிரண்டாகத் தெறித்தது அரை மணி நேரத்தில் தாளிப்புச் சட்டியாகவே மாறிவிட்டது. கேபிளை மாற்றினேன், ஆடியோ இன்டர்ஃபேஸில் அடுத்த சேனலில் செருகிப் பார்த்தேன், வேறொரு மைக்கை அதே கேபிளில் மாட்டியபோது சத்தம் அறவே இல்லை. ஆகவே, குற்றம் மைக்குக்குள் இருக்கிறது என்பது பத்து நிமிடத்தில் உறுதியாகிவிட்டது.

அதன் பிறகு நான் செய்ததைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. எந்தச் சோதனையும் செய்யாமல், இத்தகைய சத்தத்துக்கு, மைக்கின் மெல்லிய சிக்னலை முதலில் வாங்கிக்கொள்ளும் எஃப்.இ.டி. டிரான்சிஸ்டர்தான் காரணமாக இருக்கும் என்று நானே தீர்ப்பெழுதி, அதையும் அருகிலிருந்த இரண்டு எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களையும் கழற்றிப் புதியவற்றைச் சால்டர் செய்தேன். மைக் ஊமையைப் போல அமைதியானது. இரண்டு நாள் பெருமையாகப் பதிவு செய்தேன். மூன்றாம் நாள் காலையில் மீண்டும் கடுகு வெடித்தது, முன்பைவிட நெருக்கமாக.

பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். சாரல் விட்டு வெயில் அடித்த நாள்களில் நண்பகலுக்கு மேல் சத்தம் தானாகவே குறைந்தது. பொழுது சாய்ந்து காற்று குளிர்ந்ததும் திரும்ப வந்தது. பழுதான டிரான்சிஸ்டருக்கு வெயிலென்ன, மழையென்ன? இரண்டு நாள் கிடைத்த அமைதியும் புதிய டிரான்சிஸ்டரால் வந்ததன்று, சால்டரிங் இரும்பின் சூடு மைக்குக்குள் இருக்கும் சர்க்யூட் பலகையை உலர்த்தியதால் வந்தது என்று அப்போது புரிந்தது.

இந்த மைக்கின் உள்ளமைப்பைச் சற்று விரிவாகச் சொன்னால்தான் இது விளங்கும். குரலை வாங்கும் பகுதியான கேப்சூலில் தங்கம் பூசிய மெல்லிய சவ்வு ஒன்றும், தலைமுடியின் பருமனைவிடக் குறைவான இடைவெளி விட்டு அதன் பின்னால் பித்தளைத் தகடு ஒன்றும் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து சுமார் 60 பைக்கோஃபாரட் அளவுள்ள ஒரு கெப்பாசிட்டர், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் உறுப்பு ஆகின்றன. அதற்கு என்னுடைய மைக்கில் சுமார் 60 வோல்ட் கொடுக்கப்படுகிறது. கொடுப்பது 1 கிகா ஓம், அதாவது நூறு கோடி ஓம் மின்தடையின் வழியாக. ஏற்றிய மின்னூட்டம் அசையாமல் நிற்க வேண்டும், குரலுக்குச் சவ்வு அதிரும்போது மட்டுமே மின்னழுத்தம் மாற வேண்டும் என்பது ஏற்பாடு. இவ்வளவு பெரிய மின்தடையின் பக்கத்தில், ஈரம் படிந்த தூசியும் விரல் வியர்வையின் உப்பும் ஒரு சிறு கால்வாய் வெட்டிவிட்டால், மின்னூட்டம் அந்த வழியே விட்டு விட்டுக் கசிகிறது. ஒவ்வொரு கசிவும் நம் காதில் ஒரு கடுகு. வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் ஈ. சி. வென்ட் 1916-இல் இவ்வகை மைக்கை உருவாக்கிய நாளிலிருந்து, இந்த உயர் மின்தடைச் சந்திப்பைக் காப்பது இதன் பெரிய கவலைகளில் ஒன்றாக இருந்து வந்திருக்கிறது.

இடையில் மல்டிமீட்டர் என்னை ஏமாற்றியதையும் சொல்லிவிடுகிறேன். கேப்சூல் முனையில் 60 வோல்ட் இருக்கிறதா என்று அளந்தபோது அரை வோல்ட்டுக்குச் சற்று மேலேதான் காட்டியது. மின்னழுத்தம் செத்துவிட்டது என்று பதறினேன். மீட்டரின் உள் மின்தடை 10 மெகா ஓம். கிகா ஓமுக்குப் பின்னால் அதை வைத்தால் நூற்றில் ஒரு பங்குதான் மீட்டருக்குக் கிடைக்கும். கிகா ஓம் மின்தடைக்கு முன்புறத்தில் அளந்தபோது 60 வோல்ட் சரியாக இருந்தது.

அதன் பின்னர் முதலிலேயே செய்திருக்க வேண்டிய சோதனையைச் செய்தேன். கேபிள் வழியாகவே மைக்குக்கு மின்சாரம் தரும் ஃபான்டம் பவரை அணைத்து, சில நிமிடம் பொறுத்து, கேப்சூலின் கம்பிகளைக் கழற்றி, அந்த இடத்தில் 68 பைக்கோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் ஒன்றைப் பொருத்தி, உலோக உறையை முழுவதுமாக மூடிவிட்டுக் கேட்டேன். உறையை மூடாமல் கேட்டால் வீட்டிலுள்ள எல்லா ஒயரின் ரீங்காரமும் உள்ளே வந்துவிடும். கேப்சூல் இல்லாத நிலையிலும் கடுகு வெடித்தது. ஆகவே, பலகையில் கசிவு இருக்கிறது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது, நான் புதிதாகச் சால்டர் செய்த இடத்தைச் சுற்றிப் சால்டர் ஒட்டுவதற்காகச் சேர்க்கும் ஃப்ளக்ஸ் பழுப்பு நிறத்தில் படிந்திருந்தது. கிகா ஓம் மின்தடையின் கண்ணாடி உடம்பில் என்னுடைய பெருவிரல் ரேகை பத்திரப் பதிவு அலுவலகத்தில் வைத்ததைப் போலத் தெளிவாகப் பதிந்திருந்தது. பழுது பார்க்கிறேன் என்று நானே கூடுதலாக ஒரு பழுதைச் சேர்த்திருக்கிறேன்.

ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் மென்மையான தூரிகையை நனைத்து அந்தப் பகுதியை மூன்று முறை கழுவி, மேசை விளக்கின் இளஞ்சூட்டில் இரண்டு மணி நேரம் உலர்த்தினேன். அருகில் பாலிஸ்டைரீன் கெப்பாசிட்டர் இருந்தால் சூட்டிலும் கரைப்பான்களிலும் எச்சரிக்கை தேவை. அது எளிதில் உருகிவிடும். மறுபடியும் 68 பைக்கோஃபாரட்டை வைத்துக் கேட்டபோது, தொலைவில் ஆற்று நீர் ஓடுவதைப் போன்ற சீரான மெல்லிய இரைச்சல் மட்டுமே இருந்தது. கேப்சூலைத் திரும்ப மாட்டியதும் கடுகு பாதியளவுக்குத் திரும்பி வந்தது. பலகை, கேப்சூல் ஆகிய இரண்டுமே குற்றவாளிகள்.

சவ்வில் எச்சில் துளிகள் காய்ந்த புள்ளிகள் தெரிந்தன. அதைத் தொட எனக்குத் துணிவில்லை; ஒரு முறை தூரிகை அழுத்தினாலும் சவ்வு போய்விடும். புனலூர் வழியாக ரயிலில் கொல்லத்துக்குச் சென்று, பழைய வானொலிக் கருவிகளைப் பழுது பார்க்கும் முதியவர் ஒருவரிடம் கொடுத்தேன். அவர் உருப்பெருக்கியில் பார்த்துவிட்டு, “எல்லாம் ஈர்ப்பம்” என்றார். சவ்வும் தகடும் மின்னழுத்தத்தால் ஒன்றையொன்று ஈர்த்து ஒட்டிக்கொள்ளும் கோளாறு ஒன்று உண்மையிலேயே இருப்பதால், அவர் அந்த ஈர்ப்பைத்தான் சொல்கிறார் என்று எண்ணி, “ஒட்டிக்கொண்டால் குரல் மந்தமாகிவிடுமே, இதில் அப்படி இல்லையே, ஐயா” என்று நான் வாதிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சன்னலுக்கு வெளியே மழையைக் காட்டினார். மலையாளத்தில் ஈர்ப்பம் என்றால் ஈரம். அம்பத்தாறு வரை திருவிதாங்கூரில் இருந்த ஊரிலிருந்து வந்துகொண்டு இதுகூடத் தெரியவில்லையா என்று கேட்டார். காய்ச்சி வடித்த நீரில் நனைத்த மிக மென்மையான தூரிகையால் சவ்வின் மேல் தடவியும் தடவாமலும் அவர் கழுவியதையும், விளிம்பில் இருந்த பிளாஸ்டிக் வளையத்தைத் தனியாகத் துடைத்ததையும் பக்கத்திலிருந்து பார்த்தேன். அந்த மைக்கில் அதற்குப் பிறகு ஆவணி முழுவதும் கடுகு வெடிக்கவில்லை.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து

செங்கோட்டை அண்ணாச்சிக்கு வாய்த்தது கடுகு வெடிப்பு. எனக்கு வாய்த்தது ரீங்காரம். எங்கள் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிப்பதால் ஈரம் அவ்வளவு தொல்லை கொடுப்பதில்லை. கோயில் பசனையைப் பதிவு செய்தபோது 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் குரலோடு சேர்ந்து வந்தது. குரலும் வழக்கத்தைவிடச் சன்னமாக இருந்தது. நான் இரண்டு வாரம் கோயிலின் எர்த்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். எலெக்ட்ரீசியனுக்கும் எனக்கும் மனத்தாங்கலே வந்துவிட்டது.

மைக்கைத் திறந்து வைத்து, ஃபான்டம் பவர் கொடுத்த நிலையில் கேபிள் செருகும் மூன்று முனை எக்ஸ்.எல்.ஆர். இணைப்பின் முனைகளை அளந்தபோது விடை கிடைத்தது. இரண்டாம் முனையில் 28 வோல்ட், மூன்றாம் முனையில் ஏறக்குறைய முழு 48 வோல்ட். ஒவ்வொரு முனைக்கும் 6.8 கிலோ ஓம் மின்தடை வழியாகவே மின்சாரம் வருகிறது. என்னுடைய மைக் 3 மில்லி ஆம்பியர் இழுப்பது; இரு முனைகளும் பாதிப் பாதியாகப் பகிர்ந்திருந்தால் இரண்டிலும் 38 வோல்ட் அளவில் நின்றிருக்க வேண்டும். ஒன்றில் அழுத்தம் குறையவே இல்லை என்றால், அதன் வழியே மைக்குக்கு எதுவும் போகவில்லை என்று பொருள். மூன்றாம் முனையின் சால்டர் பார்வைக்குப் பளபளப்பாக இருந்தும் உள்ளே ஒட்டாமல் இருந்தது. ஒரு கால் போனதும், இரு முனைகளிலும் சமமாக ஏறும் ரீங்காரத்தை ஒன்றுக்கொன்று கழிக்கும் பேலன்ஸ் குலைந்து, கேபிளில் ஏறிய ரீங்காரம் கழிபடாமல் அப்படியே வந்திருக்கிறது. புதிதாகச் சால்டர் வைத்ததும் தீர்ந்தது. எலெக்ட்ரீசியனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

குமுளியிலிருந்து

எங்கள் ஊரில் ஆண்டில் பாதி நாள் பனியும் மழையும்தான். மைக்கை அரிசிப் பானைக்குள் வைத்தால் ஈரம் போய்விடும் என்று யாரோ சொன்னதை நம்பி, துணியில் சுற்றிக்கூட வைக்காமல் அரிசிக்குள் புதைத்து வைத்தேன். ஈரம் போயிற்றோ இல்லையோ, தவிட்டுத் தூள் வலைக்குள் புகுந்து, முன்பு இல்லாத சத்தம் ஒன்று புதிதாக வந்து சேர்ந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் ஒரு இரவு வைத்து எடுக்கலாம் என்று அன்போடு அழைத்தார். அந்தச் சூட்டையும் ஏலக்காயின் எண்ணெய் ஆவியையும் நினைத்து மறுத்துவிட்டேன், மறுத்தது சரிதானே? என்னுடையது விலை குறைந்த எலெக்ட்ரெட் வகை. அதற்கும் இதே கழுவல் முறை பொருந்துமா என்பதையும் சொல்லுங்கள், அண்ணாச்சி.

செங்கோட்டையிலிருந்து

மறுத்தது மிகச் சரி. ஆவியான எண்ணெய் சவ்வில் படிந்தால் தூசியைப் பசை போட்டுப் பிடித்துக்கொள்ளும். எலெக்ட்ரெட் வகையில், 1962-இல் பெல் ஆய்வகத்து ஆய்வாளர்கள் செஸ்லரும் வெஸ்டும் கண்டுபிடித்தபடி, மின்னூட்டம் படலத்திலேயே நிலையாகப் பதிந்திருப்பதால் 60 வோல்ட் தேவைப்படுவதில்லை. ஆனாலும் கேப்சூலை அடுத்துள்ள எஃப்.இ.டி.யும் பெரிய மின்தடையும் அங்கும் உண்டு. ஆகவே பலகையைக் கழுவுவது பொருந்தும். சிறிய அலுமினியக் குப்பிக்குள் மூடி வரும் கேப்சூலைத் திறக்க முயலாதீர்கள். அதைக் கழுவுவதைவிட மாற்றுவதே மலிவு. தவிட்டுத் தூளை வாயால் ஊதவும் வேண்டாம், ஊதினால் ஈரமும் சேர்ந்து போகும். வலையை மட்டும் தனியே கழற்றித் தட்டுங்கள்.

நான் இப்போது இறுக்கமான மூடியுள்ள டிபன் டப்பா ஒன்றில் நீல நிறச் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மைக்கை வைக்கிறேன். பாடகருக்கும் மைக்குக்கும் நடுவில், மூச்சையும் எச்சிலையும் தடுக்கும் பாப் ஃபில்டர் இல்லாமல் பதிவு செய்வதில்லை. இன்று காலை திறந்தபோது நீலம் பாதிக்கு மேல் ரோஜா நிறமாக மாறியிருந்தது. வெளியே சாரல் விடவில்லை. பத்து மணிக்குப் பாட்டுக் குழுவினர் வருகிறார்கள். பொட்டலத்தை மாற்றிவிட்டு, மைக்கை இப்போதே ஃபான்டம் பவரில் போட்டுச் சற்றுச் சூடேற வைத்திருக்கிறேன்.