டிவியை மாற்றுவதா, கணினியைத் தேற்றுவதா?

பெரம்பூர்வாசி: கூடத்தில் 43 அங்குல ஃபுல் எச்டி டிவி, 2016-இல் வாங்கியது. நான்காம் தலைமுறை ஐ3 கணினியை அதில் இணைத்துப் படம் பார்க்கிறோம். சோஃபா 9 அடி தள்ளி. 4கே படம் போட்டால் விட்டுவிட்டு ஓடுகிறது, ஃபேன் இரைகிறது. ராத்திரிக் காட்சிகளில் கறுப்பே வருவதில்லை, சாம்பல் பூசின மாதிரி இருக்கிறது. கையில் 40,000 ரூபாய். டிவியை மாற்றிவிடலாமா?

வேளச்சேரி வேலு: மாற்றிவிடுங்கள் சார், 55 அங்குல 4கே. ஃபுல் எச்டியைப் போல நான்கு மடங்கு புள்ளிகள். 4கே படங்களைச் சுருக்கிவைக்கும் எச்இவிசி முறையைப் பிரித்துக் காட்டும் டிகோடர் டிவிக்குள்ளேயே வருகிறது, பென்டிரைவைச் செருகினால் போதும். அந்தக் கணினிக்குச் செலவழிப்பது ஆற்றில் கரைத்த புளி.

மாடவீதி: வேலு, 9 அடியிலிருந்து அந்த நான்கு மடங்கு கண்ணுக்குத் தெரியாது. 43 அங்குலத்தில் ஃபுல் எச்டியின் புள்ளிகளைப் பிரித்துப் பார்க்கவே ஐந்தரை அடிக்குள் உட்கார வேண்டும். 55 அங்குலம் என்றாலும் ஏழு அடிதான்.

சார், கறுப்பு வெளுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் ரேஞ்ச், அதாவது கறுப்பு முதல் வெள்ளை வரை குறிக்கும் எண்களின் எல்லை. கணினி 16 முதல் 235 வரை அனுப்பும், டிவி 0 முதல் 255 வரை எதிர்பார்க்கும். அப்போது 16 என்பது கறுப்பாக இல்லாமல் சாம்பலாகிவிடும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வையுங்கள். எங்கள் வீட்டில் விளக்கை அணைத்தால் படத்துக்கு மேலேயும் கீழேயும் இருக்கும் பட்டை பளிச்சென்று தெரியும். ரேஞ்சை மாற்றியதும் அது டிவி சட்டத்தோடு ஏறக்குறைய கலந்துவிட்டது.

விட்டுவிட்டு ஓடுவது கணினியின் குறை. அந்த ஐ3-இல் எச்இவிசிக்குத் தனி வன்பொருள் கிடையாது, மொத்தச் சுமையும் ப்ராசஸர் மேல். ஜிடி 1030 மாதிரி சின்ன கிராஃபிக்ஸ் கார்டு போட்டால் 10 பிட் (நிறத்துக்குக் கூடுதல் படிகள் உள்ள) எச்இவிசியை அதுவே பார்த்துக்கொள்ளும்.

வேளச்சேரி வேலு: ரேஞ்ச் விஷயம் சரி. ஆனால் நாளைக்கு ஏவி1 என்ற புதிய சுருக்க முறையில் படம் வந்தால் அந்தக் கார்டு கைவிட்டுவிடுமே? வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும் எச்டிஆரும் பழைய டிவியில் வராது. இருட்டுத் தெருவில் ஒற்றை விளக்கு எரிகிற காட்சியை நல்ல எச்டிஆர் டிவியில் பார்த்தால் தெரியும்.

மாடவீதி: ஏவி1 பற்றிச் சொன்னது நியாயம், அந்தக் கார்டு அதைத் தொடாது. ஆனால் எச்டிஆர்? இந்தத் தொகைக்கு வரும் 55 அங்குலத்தில் பெட்டி மேல் எச்டிஆர் என்று இருக்கும், பேனலில் அதற்கான வெளிச்சம் பெரும்பாலும் இருக்காது. இன்னும் கொஞ்சம் சேர்த்து நல்ல பேனலாக வாங்கட்டும். அதுவரை படம் பார்க்கும்போது கணினியில் திரை புதுப்பிக்கும் வேகத்தை 24 ஹெர்ட்ஸ் வையுங்கள் சார், சினிமா நொடிக்கு 24 ஃப்ரேம்தான். 60-இல் ஒரு ஃப்ரேம் மூன்று தடவை, அடுத்தது இரண்டு தடவை வரும், அதனால்தான் கேமரா நகரும்போது உதறுகிறது.

பெரம்பூர்வாசி: ரேஞ்சை மாற்றினேன், பட்டை கறுத்துவிட்டது! வீட்டில் எல்லோரும் எழுந்து வந்து பார்த்தார்கள். சனிக்கிழமை கார்டு வாங்க ரிச்சி தெருவுக்குப் போகிறேன்.

வேளச்சேரி வேலு: டிவிதான் என் கட்சி, அதில் மாற்றமில்லை. கார்டுதான் என்றால் கணினியின் கேபினட் ஒல்லியானதா என்று பார்த்துக்கொண்டு போங்கள். ஒல்லியானதில் உயரம் குறைந்த லோ ப்ரொஃபைல் கார்டுதான் உட்காரும்.