மறு: நேம்ஸ்பேஸ்: ‘பெயர்வெளி’யா, ‘பெயர்ப்புலம்’ ஆகுமா?

அனைவருக்கும் வணக்கம்.

பிளான் 9 என்னும் இயங்குதளத்தின் கையேட்டைத் தமிழாக்கும்போது, ஒரு நிரலுக்குத் தெரியும் கோப்புப் பெயர்களின் தொகுதியாகிய நேம்ஸ்பேஸுக்குப் ‘பெயர்வெளி’ போதும் என்று இருவர் எழுதியிருந்தீர்கள். விக்கிப்பீடியாவிலும் நிரல்மொழிப் பாடங்களிலும் அச்சொல் வேரூன்றிவிட்டது. அங்கே அது அப்படியே இருக்கட்டும். ஆனால் ‘வெளி’ என்றதும் எல்லாருக்கும் பொதுவான திறந்த இடம்தான் மனத்தில் எழுகிறது. பெல் ஆய்வகத்தில் 1980களின் பிற்பகுதியில் உருவாகத் தொடங்கி, 2000இல் திறமூலமாக வெளிவந்த இந்த இயங்குதளத்திலோ, அனைவருக்கும் பொதுவான ஒரே கோப்பு மரம் என்பதே கிடையாது. ஒவ்வொரு செயல்முறைக் குழுவும், அதாவது இயங்கிக்கொண்டிருக்கும் நிரல்களின் குழுவும், தனக்கு வேண்டிய மரத்தைத் தானே கட்டிக்கொள்கிறது.

ரியோ என்னும் அதன் சாளர மேலாளரையே பாருங்கள். திரையில் நான்கு சாளரங்கள் திறந்திருந்தால், நான்கிலும் சாதனங்களுக்கான டெவ் அடைவுக்குள் கான்ஸ் என்னும் கோப்பு இருக்கும். பெயர் ஒன்றே, ஆனால் அந்தந்தச் சாளரத்துக்கு அது அதனதன் விசைப்பலகையையும் உரைப்பரப்பையும் மட்டுமே காட்டும். அதனால்தான் ஒரு சாளரத்துக்குள் இன்னொரு ரியோவையே எந்த மாற்றமும் இன்றி இயக்க முடிகிறது. அதேபோல, வெளி இணையத்தோடு இணைந்த மற்றொரு கணினியின், பிணையத்துக்கான நெட் அடைவை இம்போர்ட் கட்டளையால் இங்கே கொண்டுவந்து பொருத்திவிட்டால், இங்குள்ள நிரல்கள் அக்கணினியின் பிணையத்தைத் தம்முடையதாகவே எண்ணிப் பயன்படுத்தும்.

ஆகவே ‘பெயர்ப்புலம்’ என்னும் சொல்லை முன்வைக்கிறேன். புலம் என்பதற்கு இடம் என்ற பொருளும் உண்டு, புலன்களுக்கு எட்டுவது என்ற பொருளும் உண்டு. ஒரு செயல்முறைக்கு எவை புலப்படுகின்றனவோ அவையே அதன் பெயர்ப்புலம். சொற்றொடரில் வைத்துப் பார்த்தேன்: “சேய்ச் செயல்முறை தாயின் பெயர்ப்புலத்தைப் பகிரலாம், அல்லது நகலெடுத்துக்கொண்டு தன் விருப்பப்படி மாற்றலாம்.” நெருடவில்லை. தரவுத்தளத்தில் ‘புலம்’ ஏற்கெனவே வேறொன்றைக் குறிக்கிறதே என்ற மறுப்பு நியாயமானதுதான். ஆயினும் தொகைச்சொல்லாக வரும்போது அக்குழப்பம் எழாது. ‘புலம்பெயர்’ந்தோரை நினைவூட்டுகிறது என்று கேலி வருமானால் அதைத் தாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

இச்சொல் பிளான் 9க்கு மட்டும் உரியதன்று. லினக்ஸ் இயங்குதளத்தின் கருனி (கெர்னல்) 2002இல் 2.4.19ஆம் பதிப்பில் இக்கருத்தை ஏற்றது. நிரல்களைத் தனித்தனியாகப் பிரித்து இயக்கும் இன்றைய டாக்கர் கொள்கலன்கள் அதன்மீதுதான் நிற்கின்றன. இப்போது தவறவிட்டால் நாளை அந்த ஆவணங்களிலும் இதே சிக்கல் வரும். (இம்மடலின் ‘க’ ஒவ்வொன்றையும் மூன்று பைட்டுகளில் சுமக்கும் யுடிஎஃப்-8 எழுத்துக் குறியாக்கத்தையும், பிளான் 9ஐ உருவாக்கியவர்களுள் இருவரான கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992இல் வகுத்துப் பிளான் 9இல் செயல்படுத்தினார்கள். அந்த வகையில் இக்கையேடு தமிழில் வருவது ஒரு நன்றிக்கடன்.)

ஒரு கோப்பு வழங்கியை மரத்தில் சேர்க்கும் மவுண்டுக்கு ‘ஏற்று’ வேண்டாம். நிரலை நினைவகத்தில் ஏற்றும் லோடுக்கு அதைக் கொடுத்துவிட்டோம். மவுண்டுக்குப் ‘பொருத்து’, மரத்தின் ஒரு பகுதியை இன்னோர் இடத்திலும் தெரியச் செய்யும் பைண்டுக்குப் ‘பிணை’ என்று வைத்துக்கொள்ளலாம்.

எஞ்சியிருப்பது யூனியன் டைரக்டரி, அதாவது ஒரே பெயரின்கீழ் பல அடைவுகள் சேர்ந்து தெரிவது. ‘ஒன்றிய அடைவு’ என்றால் எல்லாம் கலந்து ஒன்றாகிவிட்டதாகப் பொருள்படுகிறது. உண்மையில் அடைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. தேடலும் அவ்வரிசையிலேயே நடக்கிறது. என் சொந்த நிரல்களை, கட்டளை நிரல்கள் இருக்கும் ‘பின்’ (bin) என்னும் அடைவுக்கு முன்னே பிணைத்தால் அவையே முதலில் அகப்படும், பின்னே பிணைத்தால் கடைசியில்தான். இந்த வரிசை சொல்லிலேயே தெரிய வேண்டும் என்பதால் ‘அடுக்கடைவு’ என்று எழுதியிருக்கிறேன். இதைவிடப் பொருத்தமான சொல் இருந்தால் எழுதுங்கள்.