ஐந்தாம் மாதம், சுறாப்புட்டு சாப்பிடலாமா?

தங்கச்சிமடம் பொண்ணு:
எனக்கு ஐந்தாம் மாதம். வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறார். கறிக்கு வரும் மீனில் சுறாத் துண்டு இருந்தால் மாமியார் எனக்கென்று எடுத்துவைத்துப் புட்டு செய்கிறார், பிள்ளைக்குப் பலம் என்கிறார். தங்கச்சியோ மீனில் பாதரசம் இருக்கிறது, மீனையே நிறுத்து என்கிறாள். மீன் இல்லாமல் எங்கள் வீட்டில் சோறு இறங்குமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தொண்டி நர்ஸ் அக்கா:
மீனை நிறுத்தாதேம்மா, சுறாவை மட்டும் நிறுத்து. நிலக்கரிப் புகை மாதிரி பல வழிகளில் பாதரசம் கடலுக்குப் போகிறது. அங்கே நுண்ணுயிரிகள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. சின்ன மீனைப் பெரிய மீன் தின்னத் தின்ன அது சேர்ந்துகொண்டே போகும். பல வருஷம் வாழ்ந்து மற்ற மீனைத் தின்னும் சுறாவில் அதிகம். வேகவைத்தாலும் போகாது, கருவாடு போட்டாலும் போகாது. நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளையிடம் போய், வளர்கிற மூளையைத் தாக்கும். தாயின் ரத்தத்தைவிடத் தொப்புள்கொடி ரத்தத்தில் அதன் அளவு கூடுதலாகவே இருக்கும்.

ஜப்பானில் மினமாட்டா என்ற ஊரில் ஆலைக்கழிவு கலந்த விரிகுடா மீனைத் தின்றவர்களுக்கு வந்த நோய் 1956-இல் வெளியே தெரிந்தது. பெரிதாக நோவு எதுவும் தெரியாத தாய்மார்களுக்குக்கூட மூளை பாதித்த பிள்ளைகள் பிறந்தார்கள். நம் கடலை அதோடு ஒப்பிடவில்லை, பயப்படாதே. ஆனால் தாய் நன்றாக இருப்பதை வைத்துப் பிள்ளையும் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. அதற்காகத்தான் இதைச் சொன்னேன்.

நெத்திலி, சூடை, காரல், இறால் எல்லாம் தாராளமாகச் சாப்பிடு. பிள்ளை மூளைக்கு வேண்டிய நல்ல கொழுப்பு சூடையிலும் நெத்திலியிலும் நிறைய. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கர்ப்பிணிகளைச் சுறா வேண்டாம் என்கிறது, பாதரசம் குறைந்த மீன் மட்டும் வாரத்துக்கு 225 முதல் 340 கிராம் வரை சாப்பிடச் சொல்கிறது.

கீழக்கரை மருமகள்:
அக்கா, பால் சுறா சின்னதுதானே? பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறட்டும் என்று கொடுப்பதுதானே வழக்கம்?

தொண்டி நர்ஸ் அக்கா:
சின்னதில் குறைவுதான். ஆனால் துண்டு போட்டு வந்தபின் சின்னதா பெரிசா என்று எப்படிச் சொல்வாய்? பால் கொடுக்கும் காலத்திலும் சுறா வேண்டாம், பாலிலும் கொஞ்சம் இறங்கும். பால் ஊறுவது பிள்ளை அடிக்கடி சப்புவதால். தாய் வயிறாரச் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். மாமியாரிடம் சண்டை வேண்டாம். அதே பூண்டு, சின்ன வெங்காயம் போட்டு நெத்திலியைப் புட்டு மாதிரி உதிர்த்துக் கேள், அவருக்கும் மனசு நிறையும்.

தங்கச்சிமடம் பொண்ணு:
சரிக்கா, இன்றைக்கே சொல்கிறேன். இன்னொன்று, நாங்கள் சீமைக்கருவேல விறகில்தான் சமைக்கிறோம். பற்றவைக்கப் பாலித்தீன் பை போடுவார்கள்.

தொண்டி நர்ஸ் அக்கா:
அதை உடனே நிறுத்தச் சொல். பிளாஸ்டிக் எரிந்தால் டயாக்ஸின் போன்ற விஷங்கள் வரும். விறகுப் புகையே எடை குறைந்த பிள்ளை பிறக்கக் காரணமாகலாம். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பற்றவைக்கக் காய்ந்த பனை ஓலை போதும். அடுப்பை வெளித் திண்ணைக்கு மாற்றுங்கள், பிள்ளை பிறக்கும்வரை ஊதுவதை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். அடுத்த பரிசோதனையில் டாக்டரிடம் இந்த இரண்டையும் சொல்லிவிடு.