நீளம் வேறுபடும் 300 தொடர்கள்: எல்எஸ்டிஎம் பயிற்சி எப்படி?

கேள்வி: பைடார்ச்சில் (நரம்பு வலை நூலகம்) எல்எஸ்டிஎம் (தொடர் தரவைப் படிப்படியா படிக்கும் நரம்பு வலை) பயிற்சி. 300 சென்சார் தொடர்கள், நீளம் 50 முதல் 900 படிகள். எல்லாத்தையும் ஒட்டி ஒரே தொடரா கொடுக்கலாமா?

பதில் 1: ஒட்டாதீங்க. ஒன்றின் முடிவுக்கும் அடுத்ததன் தொடக்கத்துக்கும் இல்லாத தொடர்பை மாடல் கற்றுக்கொள்ளும். பேட்சில் (ஒரே நேரத்தில் மாடலுக்குக் கொடுக்கும் தொகுதி) ஒவ்வொரு தொடரும் தனி வரிசை. ஹிட்டன் ஸ்டேட், செல் ஸ்டேட் (மாடலின் நினைவு) இரண்டும் ஒவ்வொரு தொடருக்கும் பூஜ்யத்தில் தொடங்கணும். குட்டையானதைப் பூஜ்யத்தால் நிரப்பி, பேக்_பேடட்_சீக்வென்ஸுக்கு (நிரப்பிய படிகளை எல்எஸ்டிஎம் தவிர்க்க உதவும் பைடார்ச் ஃபங்ஷன்) உண்மை நீளங்களைக் கொடுங்க. நீள டென்சர் (நீளங்கள் அடங்கிய எண் வரிசை) சிபியூவில் இருக்கணும், ஜிபியூவில் இருந்தா எரர் வரும்.

பதில் 2: லாஸுக்கும் (மாடலின் பிழை அளவு) மாஸ்க் (தேவையில்லாத படிகளை மறைப்பது) வேணும். நிரப்பிய படிகளை நீக்கி, மிச்சமுள்ள படிகளின் எண்ணிக்கையால் வகுங்க. இதை விட்டா லாஸ் பொய்யாகக் குறைஞ்சு தெரியும்.

பதில் 3: 900 படி நீளம்தான். 100 படித் துண்டுகளாக வெட்டி, ஸ்டேட்டை டிடாச் செய்து (மதிப்பை மட்டும் வைத்து, முந்தைய துண்டுக்குப் பின்னோக்கிப் போகும் கணக்கை அறுத்து) அடுத்த துண்டுக்குக் கொடுங்க. தொடர் மாறும்போது மட்டும் பூஜ்யம். சோதனைக்கு முழுத் தொடர்களாகவே பிரிங்க. ஒரே தொடரின் துண்டுகள் பயிற்சி, சோதனை இரு பக்கமும் போனால் மதிப்பெண்ணை நம்ப முடியாது.