சொல்தா தாத்தா எழுந்து நின்ற இரவு

எனக்குச் சொந்த ஊர் கடலூர், மஞ்சக்குப்பம். பள்ளி நாளிலிருந்தே ஸ்பெயினின் பார்சிலோனா கால்பந்து கிளப் என்றால் உயிர். அந்தக் கிளப்பின் பாட்டு 1974இல், அதன் 75ஆம் ஆண்டு விழாவுக்காக எழுதப்பட்டது. பள்ளியிலும் அரசு அலுவலகத்திலும் அந்தப் பகுதியின் கட்டலான் மொழிக்கு இடம் தராத ஸ்பெயின் சர்வாதிகாரி பிராங்கோ அப்போது உயிரோடு இருந்தார். அந்த மொழியிலேயே பாட்டை எழுதி, மைதானம் முழுக்கக் கேட்கும்படி பாடினார்கள். தெற்கிலிருந்து வந்தாலும் வடக்கிலிருந்து வந்தாலும் ஒரே கொடி நம்மைச் சகோதரர்கள் ஆக்குகிறது என்று அதில் வரும். தமிழனுக்கு இதை விளக்கவா வேண்டும்? ஒருவனுக்கு ஒரு மொழி, ஒரு கொடி, ஒரு பாட்டு என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

2018 ஜூலையில் புதுச்சேரியில் நண்பன் வீட்டில் தங்கினேன். அவன் தாத்தா பழைய சொல்தா, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். பிரான்சின் தேசிய நாளான 14ஆம் தேதி காலை கடற்கரைச் சாலை போர் நினைவுச் சின்னத்துக்கு எங்களையும் கூட்டிப்போனார். கோட்டில் பதக்கங்கள், கையில் ஊன்றுகோல்.

மறுநாள் ஞாயிறு, உலகக் கோப்பை இறுதிப் போட்டி. இரவு எட்டரைக்கு ஆட்டம். அதற்குச் சற்று முன் மாஸ்கோவில் பிரான்சின் தேசிய கீதமான மார்செய்யேஸ் ஒலித்ததும், தாத்தா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று முழுக்கப் பாடினார். பிரெஞ்சுச் சொற்கள்தான், ஆனால் குரலில் நம் ஊர் இழுவை. "1792ல ஸ்ட்ராஸ்பூர்ல ஒரு ராணுவ அதிகாரி எழுதினதுப்பா. மார்சேய்லேர்ந்து வந்த படை பாடிக்கிட்டே பாரிசுக்குப் போச்சு, அதான் அந்தப் பேரு" என்றார்.

குரோஷியாவை 4-2 என்று பிரான்ஸ் வென்றது. பத்தொன்பது வயது எம்பாப்பே நான்காவது கோலை அடித்தபோது தெருவே கத்தியது. கோப்பையைத் தூக்கி முடித்ததும் தொலைக்காட்சியை அணைக்கச் சொன்னார் தாத்தா. "சரி, இப்ப நம்ம பாட்டைப் பாடுங்கடா."

முதலில் புரியவில்லை. அவரே ஜன கண மன ஆரம்பித்தார். நாங்கள் நான்கு பேர், அப்புறம் அடுப்படியிலிருந்து வந்த பாட்டி, எல்லோரும் நின்று பாடினோம். மார்செய்யேஸுக்கு நின்ற அதே நிமிர்வு, அதே கண்ணீர். எது உங்கள் நாடு என்று கேட்க நினைத்திருந்தேன், கேட்கவில்லை.

2022 டிசம்பர் 18 இறுதிப் போட்டியையும் அதே கூடத்தில்தான் பார்த்தோம். தாத்தா இல்லை. பிரான்சுக்கு எதிரே அர்ஜென்டினா, பார்சிலோனாவுக்கு ஆடிய என் மெஸ்ஸி. மார்செய்யேஸ் தொடங்கியதும் நண்பன் எழுந்தான். அர்ஜென்டினா சட்டை போட்டிருந்த நானும் எழுந்து நின்றேன்.