வேலையிடத்தில் விசுவாசம்: உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு சம்பவம்

பாளையங்கோட்டை, கட்டட வேலை:
இரண்டு வருஷம் ஆகிறது, இன்னும் மறக்க முடியவில்லை. சபையார் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை. சபைக் கமிட்டிக்கு நேரமாகிவிட்டது. கொத்தனார்களுக்குச் சம்பளம் கொடுத்துவிட்டு, ஒரு சித்தாள் அக்காவிடம் மட்டும், "கொஞ்சம் குறையுதுக்கா, திங்கக்கிழமை வாங்கிக்கோங்க" என்றேன். ஆறு நாள் கூலி, 3,000 ரூபாய். "சரி அண்ணாச்சி" என்றார். விரலிடுக்கில் காய்ந்திருந்த சிமெண்டை நகத்தால் சுரண்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். அப்புறம் காலித் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

என் சட்டைப் பையில் அசனத்துக்கென்று எடுத்து வைத்த 5,000 ரூபாய் கவர் இருந்தது. கர்த்தருடைய பணம், தொடக்கூடாது என்று மனசார நினைத்தேன். பொழுது போகுமுன் கூலி கொடுக்கச் சொல்லும் வேதாகமத்தின் உபாகமம் 24-ஐ ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்கு நடத்தியவன் நான். மறுநாள் பந்தியில் சோறு பரிமாறும்போதுதான் அந்த விரல்கள் ஞாபகம் வந்தன.

தூத்துக்குடி, ஓய்வுபெற்ற கணக்கர்:
தம்பி, காணிக்கையைத் தொடாதது சரிதான். கட்டடம் கட்டச் சொன்னவரிடம் முன்பணம் வாங்காததுதான் தப்பு. நானும் ஒருமுறை வவுச்சர் சரியில்லை என்று ஒருவருடைய பணத்தை நிறுத்தி வைத்து வருத்தப்பட்டிருக்கிறேன். அதனால் சொல்கிறேன்: கூலிக்கென்று தனிக் கணக்கு வையுங்கள். வெள்ளிக்கிழமையே பணம் எடுத்துவிடுங்கள். சிமெண்ட் கடைக்காரர் ஒரு வாரம் பொறுப்பார், கூலியாள் பொறுக்க முடியாது. நெகேமியா 5-ஐ உட்கார்ந்து வாசியுங்கள். 12 வருஷம் யூதாவில் அதிபதியாக இருந்தும் தனக்குரிய படியை அவர் வாங்கவில்லை. முன்பிருந்தவர்கள் ஆகாரத்தோடு 40 சேக்கல் வெள்ளியும் வாங்கினார்கள். ஜனங்களின் பாரத்தைப் பார்த்துத்தான் இவர் விட்டுக்கொடுத்தார். கடனுக்கு ஈடாக வாங்கிய நிலங்களை "இன்றைக்கே" திருப்பிக் கொடுங்கள் என்று பெரியவர்களிடம் கேட்டதும் அவர்தான். தலைமை என்றால் முதலில் கணக்கு.

நாகர்கோவில், டீச்சர்:
கணக்கர் ஐயா, காணிக்கை விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஏற்க முடியவில்லை. தாய் தகப்பனுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொர்பான், அதாவது கடவுளுக்குக் காணிக்கை, என்று ஒதுக்கி வைத்தவர்களை மாற்கு 7-ல் இயேசு கண்டிக்கிறாரே! அந்தக் கவரைப் பிரித்து அக்காவுக்குக் கொடுத்திருந்தால் அதுவும் கர்த்தருக்குக் கொடுத்ததுதான்.

என் கதை சின்னது. எங்கள் பள்ளி ஆயாம்மாவுக்கு வருஷாவருஷம் கிறிஸ்துமஸுக்குச் சேலையும் கேக்கும் கொடுப்பேன். போன வருஷம் அவர், "டீச்சர், ஒருநாள் எங்க வீட்டுக்கு வந்து ஒரு வாய் காப்பி குடிங்களேன்" என்றார். பதினோரு வருஷமாக நான் அந்த வாசலை மிதித்ததில்லை. நம் வெள்ளாளன்விளையில் பிறந்து பிற்பாடு பிஷப்பான அசரியா 1910-ல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் மிஷனெரிகளிடம் கேட்டதும் இதைத்தான். பொருளைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். அதைப் பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆயாம்மா வீட்டுக்குப் போனேன். எவர்சில்வர் டம்ளரை இரண்டு தடவை கழுவிக் கொடுத்தார். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

பாளையங்கோட்டையார், திங்கட்கிழமை அந்த அக்கா வந்தாரா?

பாளையங்கோட்டை, கட்டட வேலை:
வரவில்லை டீச்சர். புதன்கிழமை அவர் மகன் பள்ளிக்கூடச் சட்டையோடு வந்தான். எண்ணிப் பார்க்காமல் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, "அம்மா வேற சைட்டுக்குப் போயிட்டாங்க மாமா" என்று சொல்லிவிட்டுப் போனான்.